ஏட்டில் ஐயமும் திரிபும்: சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் சரித்திரம்

இருளிலே கிடந்த பழுதையைப் பாம்பென்று துணிதல் திரிபு. சேய்மைக்கண் நிற்பது குற்றியோ மகனோ என்று துணியமாட்டாது நிற்றல் ஐயம். நமது சைவசித்தாந்த நூல்கள் அளவையிலக்கணங் கூறுமிடத்து இவ்விரண்டனையுங் காட்சியின் குற்றங்களாக எடுத்தோதும். இரண்டுங் குற்றமேயாயினும் அவை தம்முள் ஒத்தன அல்ல. ஐயமுற்றவன் தான் அறியவில்லை என்பதை அறிவன். ஆதலால் அணுகிப் பார்ப்பன், பிறரை வினவுவன், விளக்குக் கொணர்வன். திரிபுற்றவனோ தான் அறிந்துவிட்டதாகவே கொள்ளுதலின் விளக்கை வேண்டுவதில்லை. ஒன்று ஆராய்ச்சிக்கு வாயில்; மற்றொன்று அவ்வாயிலை அடைக்குங் கதவு.

இவ்வுண்மை சமய நூலுக்கு மாத்திரம் உரியதன்று. பழைய தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சிலேற்றிய பெரியார் ஒருவரது வாழ்நாளிலே அஃது அடிதோறும் விளங்கக் காணலாம். அவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே தோன்றிய இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள். அவர்கள் செய்த பெருந்தொண்டையும், அத்தொண்டின்கண் நேர்ந்த ஒரு மயக்கத்தையும், அம்மயக்கம் நீங்கிய விதத்தையும் சைவாசிரியர்கள் அறிந்திருத்தல் நன்றாதலின், அவர்கள் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

பிறப்புங் கல்வியும்

தாமோதரம்பிள்ளையவர்கள் 1832-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12-ஆந் தேதி வைரவநாதபிள்ளை என்பவருக்கும் பெருந்தேவியம்மையாருக்கும் புதல்வராய்ப் பிறந்தனர். சுன்னாகம் முத்துக்குமாரகவிராயரிடத்திலே தமிழிலக்கண இலக்கியங்களைக் கற்றனர். தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையிலும், பின்னர் வட்டுக்கோட்டைச் செமினறியிலும் ஆங்கிலமும் கணிதமும் பிற கலைகளும் பயின்றனர். வட்டுக்கோட்டைச் செமினறி 1823-இல் தொடங்கி 1855-இல் மூடப்பட்டது. அதிற் கற்றோர் பலர் இலங்கையிலும் இந்தியாவிலும் உயர்ந்த பதவிகளை வகித்தனர்.

கல்வி முடிந்தபின் கோப்பாயிலே ஆசிரியராய் அமர்ந்தனர். அங்கிருந்த காலத்தே, வயது இருபத்திரண்டு நிரம்பாமுன், குமரகுருபரசுவாமிகள் அருளிச்செய்த நீதிநெறிவிளக்கத்தை உரையோடு 1854-இல் அச்சிட்டனர். பின்னாளிலே தமிழுலகம் முழுவதும் போற்றிய பதிப்புத் தொண்டுக்கு வித்து இவ்வாறு ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியராலே இடப்பட்டது என்பதை நம் ஆசிரியர்கள் மறவாதிருத்தல் வேண்டும்.

அக்காலத்துச் சென்னையிலே தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடாத்திய பார்சிவல் பாதிரியார் அவரை அழைத்து அப்பத்திரிகைக்கு ஆசிரியராக்கினர். 1857-இல் சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பட்டது. அதன் முதற் பி. ஏ. பரீட்சையிலே தேறியவர் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளையவர்கள், மற்றவர் அவர்களுக்கு ஆசிரியராயிருந்த வட்டுக்கோட்டை விசுவநாதபிள்ளையவர்கள். ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே பரீட்சைக்கு இருந்து ஒருங்கே பட்டம் பெற்றமையும், இருவரும் யாழ்ப்பாணத்தவராயிருந்தமையும் அக்காலத்து யாவரும் வியந்த செய்தியாம்.

பின்னர்ப் பிள்ளையவர்கள் கள்ளிக்கோட்டை அரசாங்கக் கல்லூரியிலே ஆசிரியராயும், சென்னை அரசாங்கக் கணக்கு நிலையத்திலே உத்தியோகத்தராயும் இருந்தனர். 1871-இல் பி. எல். பரீட்சையில் தேறினர். பிற்காலத்திற் கும்பகோணத்திலே வழக்கறிஞராயும், 1887 முதற் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே நீதிபதியாயும் விளங்கினர். 1895-இல் அரசாங்கத்தார் இராவ்பகதூர் என்னும் பட்டத்தை அளித்தனர்.

சமயம் பற்றிய மயக்கம்

மிஷன் பாடசாலையிற் கற்றவர், பாதிரியாரது பத்திரிகையை நடாத்தியவர், ஆங்கிலப் பட்டம் பெற்றவர் என்னும் இவற்றைக் கேட்ட அளவில் அவரைச் சைவத்துக்குப் புறம்பானவரென்று கொள்ளுதல் எளிது. உடையைக் கண்டு உள்ளத்தைத் துணியும் இத்திரிபு அக்காலத்தும் இருந்தது, எக்காலத்தும் உண்டு. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களும் பார்சிவல் பாதிரியாரோடு இருந்து கிறிஸ்தவ வேதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்தியவர்களே. அதனால் அவர்கள் சைவம் ஒரு சிறிதுங் குறைந்ததில்லை. பிறர் மதத்தை உள்ளிருந்து அறிந்தமையாலே தம் மதத்தைக் காக்கும் வன்மை மிகுந்தது.

தாமோதரம்பிள்ளையவர்களும் அவ்வாறே. சைவமகத்துவம் என்னும் நூலை எழுதிச் சைவத்தின் பெருமையை நிலைநாட்டினர். ஏழாலையிலே சைவ வித்தியாசாலையொன்றைத் தாபித்து, சுன்னாகம் அ. குமாரசுவாமிப்புலவர் போன்ற கல்விமானைக் கொண்டு கற்பிப்பித்தனர். பாடசாலை மாணாக்கருக்கென்று வாசக புத்தகங்களும் எழுதினர். ஆங்கிலக் கல்வி வேறு, அந்நிய சமயம் வேறு என்னும் பகுப்பை வாழ்க்கையினாலே காட்டியவர்களுள் அவர் ஒருவர்.

பிற்காலத்தே அவர் பதிப்பித்த நூல்களைக் குறித்தும் இவ்வாறானதொரு மயக்கத்துக்கு இடமுண்டு. அவர் 1881-இல் வெளியிட்ட வீரசோழியம் பௌத்தராகிய புத்தமித்திரனார் செய்தது. 1889-இல் வெளியிட்ட சூளாமணி சைனராகிய தோலாமொழித்தேவர் செய்தது. சைவர் ஒருவர் புறச்சமயத்தார் நூலை அச்சிடுவதாவது அச்சமயத்தை ஒப்புதலாமோ எனின், ஆகாது. நூலைக் காத்தல் ஒரு செயல். அதன் கொள்கையைத் தழுவுதல் வேறொரு செயல். 1883-இலே கச்சியப்பமுனிவரது தணிகைப்புராணத்தை அச்சிட்டவரும் அவரே. தமிழ் என்னும் பொதுநிலத்திலே சைவன் காவலனாய் நிற்றல் அவனது சமயத்துக்குப் பெருமையேயன்றிச் சிறுமையன்று.

ஏட்டெழுத்தின் மயக்கம்

இனி, அவர் மேற்கொண்ட தொழிலின் அருமையை அறிதல் வேண்டும். இக்காலத்து அச்சுப் புத்தகத்தைக் கையிற் கொண்டு படிக்கும் நாம், ஏட்டிலே எழுத்துக்கள் எவ்வாறு கிடந்தன என்பதை எண்ணுவதில்லை.

ஓலையிலே எழுத்தாணி கொண்டு எழுதினோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவதில்லை. புள்ளியிடின் ஓலை துளைபட்டுக் கிழியும் என்னும் அச்சமே காரணமென்பர். ஆகவே கல என்று எழுதியதைக் கல் என்றும் படிக்கலாம். கல என்றும் படிக்கலாம். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டும் வரிவடிவம் ஏட்டிலே இல்லை. எரியும் ஏரியும் ஒன்றாகவே கிடக்கும். கொடுவும் கோடுவும் ஒன்றாகவே கிடக்கும். இக்காலத்து நாம் இடும் இரட்டைச் சுழிக்கொம்பும், ஏகாரத்தின் கீழிடும் கோடும், ஓகாரத்தின் சுழியும் 18-ஆம் நூற்றாண்டிலே வீரமாமுனிவராலே வழக்கிற் கொணரப்பட்டன என்பர். அதற்குமுன் எழுதப்பட்ட ஏடுகளிலும், பின்னர்ப் பழைய முறையிலேயே எழுதப்பட்ட ஏடுகளிலும் அவ்வேறுபாட்டைக் காணமுடியாது.

இதனினும் பெரிய மயக்கம் ஒன்றுண்டு. நெடிற்குறியாகிய காலும் ரகர எழுத்தும் ஏட்டிலே ஒரே வடிவின. ஆகையாற் பரவை என்று எழுதியதும் பாவை என்று எழுதியதும் கண்ணுக்கு ஒன்றே. சுந்தரமூர்த்திநாயனாரது தேவியாராகிய பரவையார் திருநாமம், பாவை என்னும் பொதுச்சொல்லாய்விடும்; பொதுச்சொல் தேவியாரது திருநாமமாய்விடும். காடு கரடாகும், கரடு காடாகும். கொம்பும் ககரமும் காலும் அடுத்து வரின், அதனைக் கொ என்றும் கோ என்றும் கெர என்றும் கேர என்றும் நால்வகையாற் படிக்கலாம்.

இவற்றோடு இலக்கங்களும் வந்து கலக்கும். தமிழெண்ணிலே ஒன்றும் ககரமும் ஒரு வடிவின; இரண்டும் உகரமும் ஒத்தன; ஏழு எகரத்தையும் எட்டு அகரத்தையும் போல்வன. பாட்டின் ஈற்றில் இட்ட தொகையெண், பாட்டின் எழுத்தென்று மயங்கப்பட்டு உள்ளே புகுதல் கூடும். பாட்டின் எழுத்து எண்ணென்று மயங்கப்பட்டு வெளியே தள்ளப்படுதலுங் கூடும். பாட்டுக்களை அடி அடியாக நிறுத்தி எழுதும் வழக்கமும் இல்லை. சூத்திரமும் உரையும் உதாரணமும் இடைவெளியின்றி ஒரே கோவையாய் ஓடும். சூத்திரம் முடிந்து உரை தொடங்கும் இடம் எது, உரையாசிரியர் வாக்கு முடிந்து மேற்கோட் செய்யுள் தொடங்கும் இடம் எது என்பதை அறிவதே ஒரு பரீட்சையாம்.

இவையெல்லாம் எழுத்தின் மயக்கம். எழுதுவோரது மயக்கம் பின்னும் ஒன்றுண்டு. ஒருவர் படிக்க மற்றொருவர் கேட்டெழுதுமிடத்து லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும், னகர ணகரங்களும் மாறுவன. பார்த்தெழுதுமிடத்து ஒரு சொல் இரண்டிடத்தில் வருமாயின், கண் முதலிடத்தை விட்டு இரண்டாமிடத்திற் பாயும். இடையிலுள்ள வரிகள் அழிந்துபோம். எழுதியவன் தவறியதை அறியான், படிப்பவனும் அறியான்.

இங்கே வியக்கத்தக்கதொரு செய்தியுண்டு. மெய் புள்ளிபெறும் என்றும், எகர ஒகரங்களும் புள்ளிபெற்றே தம் நெடிலின் வேறாகி நிற்கும் என்றும் விதித்த நூல் தொல்காப்பியம். அந்நூலையே சுமந்துவந்த ஓலைகளிலே அந்தப் புள்ளிகள் இல்லை. மயக்கந் தீர்க்க வந்த விதி மயக்கத்தினுள்ளே புதைந்து கிடந்தது. அதனை அகழ்ந்தெடுக்குந் தொழிலையே பிள்ளையவர்கள் தலைமேற்கொண்டனர்.

மயக்கந் தீர்க்கும் வழி

ஏட்டிலுள்ள மயக்கத்தைத் தீர்ப்பதற்குப் பதிப்பாசிரியருக்கு மூன்று விளக்குகள் உண்டு. முதலாவது யாப்பு. வெண்பாவிலே மாச்சீர்க்குப்பின் நிரையசையும், விளச்சீர்க்கும் காய்ச்சீர்க்கும் பின் நேரசையும் வருதல் வேண்டும். பாவை தேமா, பரவை புளிமா. ஆகவே முன்னின்ற சீர் மாச்சீராயின் அங்கே நிற்கத்தகுவது பரவை. முன்னின்றது விளமோ காயோ ஆயின் நிற்கத்தகுவது பாவை. எதுகை நோக்கினும் இவ்வாறே ஒன்று தள்ளுண்டு மற்றொன்று நிலைபெறும். யாப்பிலக்கணம் பரீட்சைக்கு மாத்திரம் பயன்படுவதென்று எண்ணும் மாணாக்கருக்கு இவ்வொன்றையே எடுத்துக்காட்டலாம்.

ஆயினும் யாப்பு எங்குந் துணைசெய்யாது. கொல் என்பதும் கோல் என்பதும் இரண்டும் நேரசையே. அவ்விடத்து இரண்டாவது விளக்காகிய பொருளையே துணைக்கொள்ளுதல் வேண்டும். பொருளும் இரண்டிற்கும் இயையுமாயின் மூன்றாவது விளக்கு வேண்டும். அது பிறநூல் வழக்கு. ஒரு நூலின் செய்யுளை வேறோர் உரையாசிரியர் மேற்கோளாக எடுத்தாண்டிருப்பின், அவர் கொண்ட பாடம் எது என்று பார்த்தல் அதுவாகும். உரைநடைப் பகுதியிலே யாப்பு இல்லாமையால் அங்கே இவ்விரண்டு விளக்குகளே உள. நெடிய உரைகளைப் பதிப்பித்தல் மூலத்தைப் பதிப்பித்தலினும் அரிதாயினமைக்குக் காரணம் இதுவே.

ஏடுகள் பல கிடைத்துவிட்டால் ஐயம் ஒழியும் என்று கருதுவாரும் உளர். அதுவும் ஒரு மயக்கமே. ஐந்து ஏடுகள் ஒரே பிழையை உடையனவாயின், அவை ஐந்தும் பிழையுள்ள ஓர் ஏட்டினின்று எழுதப்பட்டனவாதல் கூடும். அங்ஙனமாயின் அவை ஐந்து சாட்சிகள் அல்ல. ஒரு சாட்சி ஐந்து முறை பேசியதேயாம். நியாயத்தலத்திலே சாட்சிகளின் தொகையைப் பாராது தரத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளையவர்களுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஆதீனங்களிலும் புலவர் வீடுகளிலும் ஏடு தேடினர், கிடைத்தவற்றை ஒப்புநோக்கினர், கற்றாரை வினவினர். உத்தியோக வேலை பகலைக் கொள்ள, ஏட்டாராய்ச்சி அவருடைய ஓய்வு முழுவதையுங் கொண்டது. கைப்பொருளும் இத்தொண்டிலே பெரிதுஞ் செலவாயிற்று.

அச்சமும் அடக்கமும்

1868-இலே தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரையோடு வெளிவந்தது. அது நாவலரவர்களாற் பரிசோதிக்கப்பட்டுப் பிள்ளையவர்களால் வெளியிடப்பெற்றது. நாவலரவர்கள் 1879-இலே சிவபதமடைந்தனர். ஏட்டின் ஐயங்களைத் தீர்த்துக்கோடற்கு இருந்த பெருந்துணை நீங்கியது. ஆயினும் பிள்ளையவர்களது பெரும்பதிப்புக்கள் எல்லாம் அதன் பின்னரே வந்தன. 1881-இல் வீரசோழியம், 1883-இல் இறையனாரகப்பொருள், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இற் கலித்தொகை, 1889-இல் இலக்கணவிளக்கமும் சூளாமணியும் என இவ்வாறு வரிசையாக வெளிவந்தன.

இங்கே ஆராயத்தக்கதொன்றுண்டு. அக்காலத்துப் புலவர்களுட் சிலர், முழுதுந் திருந்தாத நூலை அச்சிடுதல் தகாதென்று கருதினர். அச்சிற் பிழை நேரின் ஆயிரம் பிரதியிலும் அப்பிழை பரவும்; உலகம் பழிக்கும். ஆதலால் ஏட்டைக் கட்டியபடியே வைத்திருத்தல் அடக்கம் என்பது அவர்கள் எண்ணம். பார்வைக்கு அது அடக்கமே. ஆனால் அச்சமும் அடக்கமும் முகத்தால் ஒத்திருக்கும் இரட்டைப் பிள்ளைகள். தன் அறிவின் எல்லையை அறிந்து நிற்பது அடக்கம். தனக்கு வரும் பழியை எண்ணி நிற்பது அச்சம். நூலின் நன்மை கருதிக் காத்திருப்பவன் ஏட்டை அவிழ்த்து ஆராய்ந்துகொண்டே காத்திருப்பான். தன் பெயரைக் கருதிக் காத்திருப்பவன் ஏட்டைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருப்பான். செல்லுக்கு அவ்வேறுபாடு தெரியாது. இருவர் ஏட்டையும் ஒருசேரத் தின்னும்.

பிள்ளையவர்கள் கண்ட ஏடுகள் பல தொட்டால் ஒடியும் நிலையின. வரிகள் தேய்ந்து, ஓரம் முறிந்து, நடுவிலே துளைபட்டிருந்தன. மீளவும் பெயர்த்தெழுதுவார் இல்லை. அந்நிலையிலே பிழையின்றி வெளியிடுதல் ஒருபுறம், அறவே இழத்தல் மற்றொருபுறம் என்று எண்ணினோர் தவறாக எண்ணினர். உண்மையில் எதிரெதிரே நின்றவை, பிழையோடு கூடியேனும் நூல் இருத்தலும் நூலே இல்லாதுபோதலும் ஆகிய இரண்டுமே. பழியைத் தாம் ஏற்றுக்கொண்டு நூலை உலகுக்குக் கொடுத்தல் என்னும் வழியைப் பிள்ளையவர்கள் தெரிந்தெடுத்தனர். எட்டுத்தொகையுள் முதன்முதல் அச்சேறியது அவர் பதிப்பித்த கலித்தொகையே. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் சீவகசிந்தாமணியை வெளியிட்டதும் அதே 1887-இலேயாம். இருவர் தொண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தமையால் ஒருவர் செய்ததை மற்றொருவர் செய்ததாகக் கூறும் மயக்கம் இன்றும் நிகழ்கின்றது. ஐயரவர்கள் பெருமை அளவிடற்கரியது. அதனை விளக்குதற்குப் பிள்ளையவர்களது பெருமையை மறைத்தல் வேண்டியதில்லை.

பெயர் மயக்கங்கள்

நூற்பெயர்களும் ஆசிரியர் பெயர்களும் எளிதில் மயங்குவன. சூளாமணி என்பது காப்பியம். சூடாமணி என்பது நிகண்டு. இரண்டுஞ் சைனர் செய்தனவேயாயினும் காலமும் ஆசிரியரும் வேறு. சூடாமணி நிகண்டு திண்ணைப்பள்ளிக்கூடந்தோறும் பாடமாயிருந்தமையின் யாவருக்குந் தெரியும். சூளாமணியோ ஏட்டிலே மறைந்திருந்தது. அதனைக் கேட்டறியாதவர், ஒலியொப்புமையால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளல் எளிதாயிருந்தது. அச்சுப் புத்தகம் வந்தபின்னரே அக்காப்பியம் தன் பெயரோடு தனியே நிற்பதாயிற்று.

கலித்தொகையைப் பிள்ளையவர்கள் நல்லந்துவனார் கலித்தொகை என்னும் பெயராலே வெளியிட்டனர். பாடியவரும் தொகுத்தவரும் வேறு என்னும் பகுப்புப் பழைய தொகைநூல்களிலே எளிதிற் புலப்படாது. பாலை, குறிஞ்சி, மருதம், முல்லை, நெய்தல் என்னும் ஐந்து கலியையும் ஐந்து புலவர் பாடினர் என்று பின்வந்தோர் பலர் கொண்டனர். ஒருவரே பாடினர் என்பாரும் உளர். இஃது இன்னும் ஐயத்தளவிலேயே நிற்கின்றது. ஐயத்தை ஐயமாகவே மாணாக்கருக்குச் சொல்லுதல் ஆசிரியருக்கு இழுக்காகாது.

நச்சினார்க்கினியரும் பேராசிரியரும்

இனி, பிள்ளையவர்களது பதிப்பிலே நேர்ந்த பெரிய மயக்கத்தைக் கூறுவாம். தொல்காப்பியப் பொருளதிகாரம் ஒன்பது இயல்களை உடையது. 1885-இல் அவர்கள் அவ்வதிகாரம் முழுவதையும் நச்சினார்க்கினியருரை என்று வெளியிட்டனர். அகத்திணையியல் முதலிய முன்னைந்து இயல்களின் உரை நச்சினார்க்கினியர் செய்ததே. மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் பின்னான்கு இயல்களுக்கு அப்பதிப்பிலே கண்ட உரையோ பேராசிரியர் செய்தது. ஈருரையும் ஒருவருரையாக மயங்கிவிட்டன.

இது பதிப்பாசிரியரது கவலையின்மையால் நேர்ந்ததென்று கூறுவார் ஏட்டின் இயல்பை அறியாதவர். உரைகள் ஒவ்வோரிடத்தும் உரையாசிரியர் பெயரைத் தாங்கி நிற்பதில்லை. முன்னைந்து இயலுக்கு ஓருரையும் பின்னான்கு இயலுக்கு ஓருரையும் கிடைத்து, இரண்டுஞ் சேர்ந்து ஒன்பதியலும் நிரம்புமாயின், அதனை ஒருவர் செய்த முழுவுரையென்று கொள்ளுதல் இயல்பே. இடையிலே குறைவிருந்தால் ஐயம் எழும்; குறைவின்றி நிரம்பியிருந்தமையே ஐயத்தை எழவொட்டாது தடுத்தது. திரிபுக்கு இதனினுஞ் சிறந்த உதாரணங் கிடைத்தல் அரிது. பாம்பின் நீளமும் பாம்பின் வளைவும் பழுதைக்கு இருந்தமையாலன்றோ பாம்பென்னும் எண்ணம் நிலைத்தது.

பிள்ளையவர்கள் 1901-ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் தேதி தேகவியோகமடைந்தனர். அவ்வாண்டிலேயே பாண்டித்துரைத்தேவரவர்களால் மதுரைத் தமிழ்ச்சங்கம் நிறுவப்பட்டது. அச்சங்கத்தின் செந்தமிழ்ப் பத்திரிகையிலே ரா. இராகவையங்காரவர்கள், பின்னான்கியலுரை பேராசிரியரதே என்பதை உரையின் உட்சான்றுகளைக் கொண்டு நிறுவினர். பின்னர்ச் செய்யுளியலுக்கு நச்சினார்க்கினியர் செய்த வேறோருரை கிடைத்து 1917-இலே அச்சாயிற்று. இரண்டுரையும் எதிரெதிரே வைத்து நோக்கப்பட்டபொழுது, இருவர் வாக்கென்பது கையிலங்கு கனியாயிற்று. நமது யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரவர்கள் எழுதிய குறிப்புக்களோடு, சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தினின்று 1943-இல் வெளிவந்த பொருளதிகாரப் பிற்பகுதி பேராசிரியருரை என்னும் உரிய பெயரையே தாங்கிற்று.

இவற்றை உற்றுநோக்குக. இராகவையங்காரவர்கள் எந்த உரையை ஆராய்ந்து அது பேராசிரியரதென்று கண்டனர்? பிள்ளையவர்கள் அச்சிட்டு வைத்த உரையையே. பெயர் மாறியிருந்ததேயன்றிப் பொருள் அழியவில்லை. பிழையை எடுத்துக்காட்டுதற்கு வேண்டுங் கருவியையும் அப்பதிப்பே கொடுத்தது. அந்நூல் ஏட்டிலேயே மடிந்திருக்குமாயின் நச்சினார்க்கினியருரை எது, பேராசிரியருரை எது என்னும் வினாவே எழாது. பிழையில்லாமை என்பது அப்பொழுது நூலில்லாமையின் மறுபெயராய் முடிந்திருக்கும். தம் பதிப்பிற் கண்ட மயக்கம் நீங்கியதைக் காணப் பிள்ளையவர்கள் இருந்திலர். இருந்திருப்பின் மகிழ்ந்திருப்பர் என்று கொள்ளுதற்கு, பழிக்கஞ்சாது நூலை வெளியிட்ட அவர்களது வாழ்நாளே சான்றாகும்.

ஆசிரியர்களுக்கு

தாமோதரம்பிள்ளையவர்கள் ஆசிரியராகத் தொடங்கி நீதிபதியாக உயர்ந்தவர். இரண்டு தொழிலுக்கும் உயிராவது ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறிதல். ஆதலால் அவர்கள் சரித்திரத்தினின்று நாம் கைக்கொள்ளத்தக்கன சில உள.

பிள்ளைகள் எழுத்து மயங்குமிடத்து, பிழை என்று வெட்டிவிட்டு அப்பாற் செல்லாது, எதனை எதுவாக மயங்கினர் என்று காணுதல் வேண்டும். அரம் என்பதை அறம் என்று எழுதிய பிள்ளைக்கு ஒலி மயங்கிற்று. கொடு என்பதைக் கோடு என்று எழுதிய பிள்ளைக்கு வரி மயங்கிற்று. முதலாவதற்கு மருந்து வாய். இரண்டாவதற்கு மருந்து கண். இரண்டிற்கும் ஒரே தண்டனை விதிக்கும் ஆசிரியர் தாமும் மயங்கினவரேயாவர்.

தேவார திருவாசகங்களைப் படிப்பிக்குமிடத்து, இரண்டு பதிப்பிலே பாடம் வேறுபட்டால் ஒன்றை மறைத்துவிடாது, இரண்டையும் பலகையில் எழுதி, யாப்புக்கு எது இயையும், பொருளுக்கு எது இயையும் என்று பிள்ளைகளையே வினவுக. ஒருநாள் அவ்வாறு வினவப்பட்ட பிள்ளை, ஒரு வருஷம் இலக்கணச் சூத்திரத்தை உருப்போட்ட பிள்ளையினும் இலக்கணத்தின் பயனை அறிவன். தெரியாததொன்றைப் பிள்ளை கேட்குமாயின், நூலைப் பார்த்து நாளைக்குச் சொல்லுவேன் என்று கூறுதற்கு ஆசிரியர் நாணவேண்டுவதில்லை. ஆசிரியரது ஐயம் ஒருநாளில் நீங்கும். ஆசிரியர் துணிந்து சொல்லிய திரிபோ மாணாக்கன் வழியாக அவன் மாணாக்கனையும் பற்றும்.

வீடுகளிலே முன்னோர் வைத்த ஏடுகள் இன்னும் இருக்கக்கூடும். அவற்றைப் பழைய வைத்திய வாகடமென்றோ சோதிடமென்றோ பாராமலே துணிந்து ஒதுக்காது, படிக்கவல்லாரிடத்துக் காட்டி, படமெடுத்தேனும் பெயர்த்தெழுதியேனும் காத்தல் நம் கடமை. வாகடமென்று ஒதுக்கிய கட்டினுள்ளே வேறொரு நூல் சேர்த்துக் கட்டப்பட்டிருத்தல் அரிதன்று.

உடம்பை உயிரென்றும், நிலையாததை நிலையுடையதென்றும் உயிர்கள் மயங்குதல் ஆணவமலத்தின் காரியம். அத்திரிபை நீக்குதற்கே இறைவன் ஞானாசிரியனாய் எழுந்தருளுகின்றான் என்பது நம் சமயத்தின் துணிபு. எழுத்தறிவிக்கும் ஆசிரியர் செய்வது அப்பெருஞ்செயலின் முதற்படியேயாதலால், புள்ளியொன்றும் சுழியொன்றும் சிறியவென்று இகழாது கற்பித்து, சிறுப்பிட்டிப் பெரியாரது தொண்டைத் தத்தம் வகுப்பறையிலே தொடர்ந்து நடாத்துதற்குச் சிவபெருமான் திருவருள் துணைபுரிவதாக.

திருச்சிற்றம்பலம்.